மைக்கை வாய்கிட்ட புடி

பதினாலு வயதில் அப்பாவோடு முதல் தடவை கட்டுமரம் ஏறிய அன்று வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வாடைக்காற்றைப் பார்த்தாயிற்று, ஒரு நாளும் வயிறு புரண்டதில்லை. போன வருஷம் என் வீட்டு வாசலில், சிமெண்டுத் தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றபடி எடுத்தேன். எழுபத்திரண்டு வயதில், கடலில் கால் வைக்காமலே. எங்கள் எண்ணூர் முகத்துவாரக்குப்பம் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

காரணம், என் பேத்தி ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முன்பக்கம் செல்போனைச் செருக ஒரு மூடி, உள்ளே இரண்டு லென்ஸ், பின்னால் தலையில் மாட்ட ஒரு நாடா. விர்ச்சுவல் ரியாலிட்டி என்றாள், வி.ஆர். என்று சுருக்கினாள். "மாட்டிக்கினு பாரு தாத்தா, சும்மா பாரு."

மாட்டினேன். வாசல் போய்விட்டது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கி போய்விட்டது. பெரிய விளையாட்டரங்கம் ஒன்றின் நடுவில் நிற்கிறேன். சுற்றிலும் அடுக்கடுக்காகப் பத்தாயிரம் பேர். விளக்குகள் வெட்டி வெட்டி அடிக்கின்றன, ஒரே இரைச்சல். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆட்கள், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். "பேசு தாத்தா" என்று எங்கிருந்தோ பேத்தியின் குரல். நான் வலது கையை நீட்டிக் காற்றில் மைக்கைத் தேடினேனாம். மருமகள் அதை இன்னமும் நடித்துக் காட்டுகிறாள்.

பொய்க் கூட்டம் என்று தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வேர்த்தது, நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டல் எனக்குப் பழைய பழக்கம். அதைச் சொல்வதற்கு முன் வாந்திக் கணக்கை முடித்துவிடுகிறேன். கடலில் உடம்பு ஆடுகிறது, ஆனால் கண் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் ஆடாத மாதிரி காட்டுகிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பி வயிற்றைப் பிடிக்கிறது. இந்தப் பெட்டியில் அதுவே தலைகீழ்: உடம்பு சும்மா நிற்கிறது, கண்ணுக்கு முன்னால் உலகம் சுழல்கிறது. தலை திரும்புகிற வேகத்துக்குப் போன் படத்தைத் திருப்பாமல் துளி பின்தங்கினால் போதும், கிழவன் கவிழ்ந்துவிடுவான். உட்கார்ந்துகொண்டு பார்த்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து நாற்காலிதான்.

இனி அந்த நாக்கு. நான் எங்கள் மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதியவன். கடலுக்குப் போவது நின்றபிறகு பேனாவைப் பிடித்தேன். ஊரிலிருந்து எந்த ஆபீசுக்கு மனு போனாலும் என் கையெழுத்துதான். பதினைந்து வருஷத்துக்கும் முன்னால் ஒரு தொழிற்சாலைக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எது, எவருடையது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். "எழுதறவன் நீதான, நீயே பேசிடு" என்று ஊர் என்னை அனுப்பியது. நாலு நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எந்த மாசத்தில் எந்த இறால், அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணி இறங்குவதற்கு முன் ஆற்றில் எவ்வளவு ஆழம், இப்போது எவ்வளவு, சுடுதண்ணி விடுகிற பக்கம் ஏன் மடவை வருவதில்லை. அத்தனையும் உள்ளங்கை மாதிரித் தெரிந்த விஷயம்.

பந்தல். மேடையில் அதிகாரிகள். பக்கத்தில் முக்காலியில் ஒரு வீடியோ கேமரா, அதில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். "மதிப்புக்குரிய" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தாளைப் பார்த்துப் படிக்கலாம் என்றால் தாள் ஆடுகிற ஆட்டத்தில் என் எழுத்து எனக்கே புரியவில்லை. வாய்க்குள் எச்சில் என்பதே இல்லை. யாரோ ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "பயப்படாதீங்க பெரியவரே, தைரியமா பேசுங்க." அதைக் கேட்டதும் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. நான் பயப்படுகிறேன் என்பது பந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டதே. "ஒன்னும் இல்லைங்க" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒன்றும் இல்லையாம். நாலு பக்கத்துக்குப் பதில் அந்த வீடியோவில் ஏறியது அந்த ஒரு வார்த்தை.

கூச்சம் என்றால் ஏதோ கல்யாண வீட்டில் பாடச் சொன்னால் நழுவுகிற விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இந்தக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலையில் இருக்கிறவரோ தலைமை. முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு. வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்பு. எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில், யார் என்ன சொன்னார்கள் என்பதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்குக்கூட கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் நடக்கும். எழுதிக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் பந்தலில் எழுந்து நின்று ஒருவன் சொல்வதை அங்கே இருக்கிற அத்தனை பேரும் கேட்கிறார்கள். பைலுக்குள் போன தாளை யார் கேட்டார்கள்?

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பேச்சு புதிது இல்லை. வடசென்னை பேச்சுக் கேட்டே வளர்ந்த ஊர். 1949 செப்டம்பர் 17, ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்தபோது என் அப்பா எண்ணூரிலிருந்து ரயிலேறிப் போய் நனைந்துகொண்டு நின்றவர். அதற்கு முன்னால், 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் வந்த காலத்தில், திரு.வி.க. பேச்சைக் கேட்க வேலை விட்டுக் களைத்து வந்தவர்கள் கால் கடுக்க நின்றிருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தலைவர் வருவார் என்றால் பதினோரு மணி வரை உட்கார்ந்திருப்போம். நூறு வருஷம் கேட்டுக் கேட்டு நல்ல கேட்பாளர்கள் ஆகிவிட்டோம். மைக் மட்டும் நம் கைக்கு வரவே இல்லை. வந்த அன்று அது என்ன கனம் கனக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதற்கு வெட்கப்படவும் வேண்டியதில்லை. திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 73-வது, அவை அஞ்சாமை. அமைச்சர்களுக்குச் சொல்கிற இடத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், அவையில் பயமில்லாமல் பேசுகிறவர்கள் சிலரே என்பது அதில் ஒரு குறளின் சாரம். அமைச்சனுக்கே பத்துக் குறள் தேவைப்பட்டிருக்கிறது என்றால் சங்கத்துக் கணக்கப்பிள்ளை எம்மாத்திரம்.

பேத்தி அந்தப் பெட்டியை எனக்காக வாங்கவில்லை. பொறியியல் கடைசி வருஷம். கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்களாம். வீட்டில் வாய் ஓயாத பெண், அங்கே போனால் ஊமை. அவளுக்கு பயம் இரட்டை: கூட்டத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மெக்டொனால்ட் என்கிற ஆராய்ச்சியாளர் இதற்காகவே இலவசமாக ஒரு பயிற்சித் தளம் வைத்திருக்கிறார், சாதாரண செல்போனிலேயே ஓடும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். காலி வகுப்பறையில் தொடங்கிச் சின்னக் கூட்டம், பெரிய கூட்டம் என்று போய், கடைசியில் அந்தப் பத்தாயிரம் பேர் அரங்கம். வாழ்க்கையில் நமக்கு ஒருநாளும் வாய்க்கப்போகாத பெரிய கூட்டத்தில் பேசிப் பார்த்துவிட்டால் நிஜத்தில் வருகிற முப்பது பேர் சின்னதாகத் தெரிவார்கள் என்பது அவருடைய யோசனை. கிழவனை எடுத்த எடுப்பில் கடைசிப் படியில் ஏற்றிவிட்டாள் குறும்புக்காரி. அவர் மேல் தப்பில்லை.

அவள் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன், இது நேற்றைய சமாச்சாரம் இல்லை. தொண்ணூறுகளிலேயே தொடங்கிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டரும் கூட்டாளிகளும் மூன்று விதமான பொம்மைக் கூட்டம் செய்து அதன் முன்னால் ஆட்களைப் பேசவைத்தார்கள், 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஒன்று தலையாட்டி ரசிக்கும், ஒன்று கொட்டாவி விட்டு, மேஜையில் காலைத் தூக்கிப் போட்டு, எழுந்தும் போகும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பொம்மைகள், சும்மா கார்ட்டூன். இருந்தும், மதிக்காத கூட்டத்தின் முன்னால் நிஜ வாழ்க்கையில் தைரியமாகப் பேசுகிறவர்களுக்கும் பதற்றம் வந்தது. அறிவுக்குப் பொம்மை என்று தெரியும், உடம்பு அதைக் கேட்பதில்லை. இந்த வைத்தியத்தின் அஸ்திவாரமே அதுதான். உடம்பு ஏமாறுகிறது என்றால் உடம்பை அங்கேயே வைத்துப் பழக்கவும் செய்யலாம். 2013-இல் அமெரிக்காவில் பேஜ் ஆண்டர்சன் என்ற உளவியல் பேராசிரியர் 97 பேரை வைத்துச் சோதித்தார். சிலருக்கு வி.ஆர். கூட்டம், சிலருக்கு நிஜ மனிதர்களைக் கொண்ட குழுவில் பயிற்சி, மீதிப் பேர் காத்திருப்பில். பயிற்சி எடுத்த இரண்டு தரப்புக்கும் பயம் நன்றாகக் குறைந்தது, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அது தாக்குப்பிடித்தது. பெட்டி மனிதர்களை ஜெயிக்கவில்லை, மனிதர்களுக்குச் சளைக்கவும் இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். முதல் நாள் வாந்தியோடு கரையேறிய என்னை அவர் மறுபடி நேராகக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. ஒரு சீசன் முழுக்க ஆற்றுக்குள்ளேயே இறால் வலை. அப்புறம் முகத்துவாரத்தில், ஆறும் கடலும் முட்டுகிற இடத்தில், மரத்தை நிறுத்திவிட்டு சும்மா அலையை எண்ணச் சொல்வார். எத்தனை பெரிய அலைக்குப் பிறகு கொஞ்சம் ஓய்கிறது, எந்தப் பக்கம் மணல் மேடு. அப்புறம் இன்னொரு மரத்துக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தாண்டுவது. கடைசியில்தான் தனியாக. மரம் கவிழ்கிற இடம் அதுதான், எங்கள் ஊருக்குப் பெயரும் அதுதான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் "பயப்படாதே" என்று சொன்னதில்லை. "துடுப்பைப் போடு" என்பார். பெரிய அலை எழும்பி வரும்போதும் அதே. துடுப்பைப் போடுகிற கைக்கு நடுங்க நேரம் இல்லை.

பெட்டிக்குத் திரும்புகிறேன். எனக்கு அதில் ஒரு குறை. உள்ளே உட்கார்ந்திருந்த கூட்டம் ஒன்றும் எங்கள் கூட்டம் இல்லை. எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டை, வெள்ளைக்கார முகம். மடியில் குழந்தையோடு ஒருத்தி இல்லை. வெற்றிலை மெல்லுகிற கிழவி இல்லை. பின்னால் நின்று டீ குடிக்கிறவன் இல்லை. இவர்கள் முன்னால் நான் ஏன் பேச வேண்டும், இவர்களுக்கும் எனக்கும் என்ன? பேத்தியிடம் சொன்னேன். யோசித்தாள். அடுத்த சனிக்கிழமை கல்லூரி சிநேகிதியிடமிருந்து ஓர் உருண்டைக் கேமராவை இரவல் வாங்கி வந்தாள். ஒரே நேரத்தில் எட்டுத் திசையையும் பிடிக்கிற கேமரா அது. வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு ஸ்டூல் மேல் அதை நிறுத்தி, சுற்றிலும் பாய் விரித்து, இருபத்திரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்தாள். "யாரும் சிரிக்கக் கூடாது. தாத்தா பேசறாருன்னு நெனச்சிக்கினு சும்மா கேமராவப் பாருங்க."

நடக்கிற காரியமா? முதல் தடவை ஒரு நிமிஷம் தாண்டவில்லை, ஒருவன் 'களுக்' என்றதும் எல்லாம் போயிற்று. இரண்டாம் தடவை ஒருவருடைய போனில் கானா பாட்டு அடித்தது. மூன்றாவது தடவை பதினோரு நிமிஷம் தாக்குப்பிடித்தார்கள். அதிலும் நடிக்கச் சொல்லாமலே எல்லாம் வந்து சேர்ந்தது: ஒரு குழந்தை அழுதது, என் மச்சான் நிஜமாகவே தூங்கிவிட்டார், ஒருவன் நடுவில் எழுந்து பீடி பிடிக்கப் போனான். நாலாவது நிமிஷத்தில், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற பக்கத்து வீட்டுப் பெண், கேமராவைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "மாமா, மைக்க வாய்கிட்ட புடி, ஒன்னும் கேக்கல!" எதிரே மாமாவும் இல்லை, மைக்கும் இல்லை. கூட்டம் என்றால் அவள் வாயில் தானாக வருகிற வசனம் அது. பேத்தி வெட்டி எடுக்கப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை மாட்டிக்கொள்வேன். கையில் மைக்குக்குப் பதில் டார்ச் லைட். முதல் நாலு நாள் பேசவே இல்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அது அப்பா அலை எண்ணச் சொன்ன மாதிரி. அப்புறம் பேச வேண்டும் என்பதற்காக ஆற்றில் கிடைக்கிற மீன் பெயர்களைச் சொன்னேன். அப்புறம் அந்த நாலு பக்கம். தாளைப் பார்த்து, பிறகு பாதி பார்த்து, பிறகு பார்க்காமல். தப்பு வந்தால் மறுபடி ஆரம்பம். இருபத்திரண்டு பேரும் முகம் சுளிக்காமல் அதே இடத்தில் மறுபடி அழுது, தூங்கி, பீடிக்கு எழுந்து போவார்கள். நிஜ மனிதர்கள் இவ்வளவு பொறுமையாக ஒருவனைத் தப்பு செய்ய விடுவார்களா? என் ஆயுசில் எனக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை. படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பேச்சுப் போட்டி, நாடகம், மேடை என்று கிடைத்துவிடுகிறது. எங்களுக்கு முதல் மேடையே சோற்றுக்கான வழக்கு நடக்கிற மேடை.

பயம் போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. முன்பு கடைசி வரை நிற்கும், இப்போது நாலு வரிக்குள் இறங்க ஆரம்பிக்கிறது. ஏற்றம் என்று ஒன்று வந்தால் வற்றம் வந்தே தீரும். பாதியிலேயே எழுந்து ஓடிவிடுகிறவனுக்கு ஏற்றம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், வற்றத்தை அவன் பார்த்ததே இல்லை. நான் பந்தலில் அப்படி ஓடியவன்.

ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்கு இது மேடையோடு நிற்பதில்லை. நாலு பேர் பார்க்கச் சாப்பிட முடியாது, கடையில் சாமான் கேட்க முடியாது. அவர்களைச் செல்போன் பெட்டியோடு தனியாக விடக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊரில் மனநல மருத்துவமனை இருக்கிற கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே கிண்டல். அந்தக் கிண்டலுக்கு பயந்தே எத்தனை பேர் வீட்டுக்குள் கிடக்கிறார்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், முகம் காட்டத் தேவையில்லை.

காந்தியின் சத்திய சோதனையில் இது சம்பந்தமாக வருகிற இடங்களைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். லண்டனில் சைவ உணவுக்காரர்கள் சங்கத்தில் எழுதிக்கொண்டு போனதையே படிக்க முடியாமல் வேறொருவர் படித்தார். பம்பாயில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வி வரவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவரே 1893-இல் பிரிட்டோரியாவில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். அதுதான் தன் முதல் பொதுப்பேச்சு என்று எழுதுகிறார். "தேவ வந்தா பேச்சு தானா வரும்னு சொல்றியா?" என்றாள் பேத்தி. எனக்கும் அப்படித்தான் முதலில் தோன்றியது. ஆனால் அன்றைக்குப் பந்தலில் எனக்குத் தேவை இல்லாமலா இருந்தது? தேவை இருந்தது, விஷயமும் இருந்தது. மைக்கைப் பிடித்துப் பழகிய கைதான் இல்லை.

அவள் கம்பெனி வட்டத்தில் பேசிவிட்டு வந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், அது பேச்சு ஒன்றை வைத்துக் கொடுப்பதில்லை. இரண்டு இடத்தில் இங்கிலீஷ் தடுக்கியதாம், தடுக்கின இடத்திலிருந்தே எடுத்துத் தொடர்ந்தாளாம். ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது எல்லாருக்கும் தெரியும். போட்டும் வலையும் கறுத்துப்போய் நின்ற படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மீனவர் குறைகேட்புக் கூட்டம். ஆற்று முகம் மணல் மூடிக்கிடப்பதைப் பற்றி ஊர் சார்பில் ஒருத்தர் பேச வேண்டும். நான் கையைத் தூக்கினேன். பஞ்சாயத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பழைய கதை எல்லாருக்கும் தெரியும்.

மேடைக்குக் கீழே நின்றேன். மைக்கைக் கொடுத்தார்கள், டார்ச் லைட்டைவிடக் கனம். உள்ளங்கை வேர்த்தது. ஒரு பையன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். வணக்கம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையில் மச்சான், கண் சொருக ஆரம்பித்திருந்தது. அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண், மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதற்குள் மைக்கை வாய்கிட்டக் கொண்டுபோய்விட்டேன். திறந்த வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். கொட்டகையில் அன்று உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மேடையில் இருந்த அதிகாரிகள் எதற்குச் சிரிப்பு என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார்கள்.

"முகத்துவாரத்துல இப்ப எவ்ளோ ஆழம்னு உங்க பைல்ல என்ன போட்டிருக்குதோ எனக்குத் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தேன். "நேத்து காலைல நான் இறங்கிப் பார்த்தேன். இடுப்பளவு."